நங்கூரம் பாய்ச்சினால் தூக்கம் வருமா?

எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒரு டேபிளைக் காட்டி, "அவர் நங்கூரம் பாய்ச்சி உட்கார்ந்துட்டார் ஸார்... ரிடையர் ஆகிற வரைக்கும் நகர மாட்டார்" என்பார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டு, பத்து நாளாகியும் பெட்டியைக் கட்டாத பெரியப்பாவுக்கும் இதே பட்டம்தான்.

நங்கூரத்தோடு ஒரு ராத்திரி குடித்தனம் நடத்தியவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். நங்கூரம் பாய்ச்சிய படகு நகரும். காற்று மாறினால் திரும்பும். நீரோட்டம் மாறினால் மறுபடி திரும்பும். சங்கிலி சரியில்லை என்றால் மெள்ள மெள்ளப் பின்வாங்கிக் கரையில் போய் உட்காரும். அப்புறம்தான் பெரியப்பா மாதிரி நகராது!

எனக்கு இந்த ஞானம் கிடைத்த இடம் காயல்பட்டினத்துக்கு நேர் எதிரே, கடலில்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். பதிமூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, 'காயில்' என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் அங்கே தங்குமாம். அது பக்கத்திலிருக்கும் பழையகாயல் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எது எப்படியோ, காயல்பட்டினத்துக்கு எதிரே இன்றைக்கும் திறந்த கடல்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளின் வரிசை தூத்துக்குடியோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே காற்றை மறிக்க ஒரு திட்டுகூடக் கிடையாது. இங்கே நிற்க வேண்டுமென்றால் நங்கூரத்தை நம்பித்தான் நிற்க வேண்டும்.

நண்பர் ஒருவர் பாங்க் வேலையை விட்டுவிட்டு, கையில் வந்த பணத்தில் முப்பதடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு வாங்கினார். (அவர் மனைவி இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.) தூத்துக்குடியிலிருந்து தெற்கே இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு ஜனவரியில் கிளம்பினார். துணைக்கு ஒரு பழைய தண்டல். தோணியின் கேப்டனுக்குத் தூத்துக்குடியில் அதுதான் பெயர். எழுபது வயதைத் தாண்டியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டியவர். வேடிக்கை பார்க்க அடியேன்.

படகின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு மோட்டார் வின்ச் இருந்தது. கப்பல்காரர்கள் பாஷையில் வின்ட்லாஸ். கிணற்று ராட்டினத்தின் தூரத்து உறவு. பட்டனை அழுத்தினால் சங்கிலி இறங்கும், இன்னொரு பட்டனை அழுத்தினால் ஏறும். நண்பர் அதைப் புது மிக்ஸியைக் காட்டுகிற மாதிரி பெருமையாகக் காட்டினார். சாயங்காலம் ஆறு மீட்டர் ஆழத்தில் நங்கூரத்தை இறக்கினார்.

"எத்தன பாகம் விட்டிருக்கிய தம்பி?" என்று கேட்டார் தண்டல். பாகம் என்பது ஆறடி. இரண்டு கைகளையும் விரித்துக் கயிற்றை அளக்கிற கணக்கு.

"இருபது மீட்டர் அண்ணாச்சி. ஆழம் ஆறுதானே? மூணு மடங்குக்கு மேல இருக்கு."

"பத்தாதே! கலப்பைய எப்படி இழுக்காங்கன்னு பாத்திருக்கியளா? தரையோட தரையா இழுத்தா மண்ணுக்குள்ள போவும். முன்னால மேல தூக்கி இழுத்தா வெளிய வந்துரும்லா? அதே கததான் இதும்."

முழு விஷயமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது ஸார். நங்கூரம் தன் கனத்தால் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. முப்பதடிப் படகின் எடை நாலைந்து டன் வரும். நங்கூரத்தின் எடை பதினைந்து கிலோ. இந்தப் பதினைந்து கிலோ மண்ணைக் கவ்விக்கொள்வதால்தான் படகு நிற்கிறது. கவ்வ வேண்டுமென்றால் இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் நீளமான, கனமான சங்கிலி. கடலடியில் கொஞ்ச தூரம் படுத்துக் கிடந்து, பிறகு வளைந்து மேலே வரும்.

தண்டலின் கலப்பை வெறும் உவமை இல்லை. 1933-ல் ஜெஃப்ரி டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, சின்னப் படகுகளுக்காகக் கலப்பைக் கொழு வடிவத்திலேயே ஒரு நங்கூரம் கண்டுபிடித்தார். காற்றும் தண்ணீரும் எப்படிக் கலங்கிச் சுழல்கின்றன என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். லீவு நாட்களில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர். தன் நங்கூரத்துக்கு அவர் வைத்த பெயர் 'சி.க்யூ.ஆர்.' வேகமாகச் சொல்லிப் பாருங்கள்... 'செக்யூர்'!

சங்கிலிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தண்ணீரின் ஆழம், அணியம் தண்ணீருக்கு மேல் இருக்கும் உயரம், ஏற்றத்தில் கூடப்போகும் தண்ணீர் மூன்றையும் கூட்டுங்கள். அதை ஐந்தால் பெருக்குங்கள். எங்கள் படகுக்கு ஆறும் ஒன்றும் ஒன்றும் எட்டு. ஐயெட்டு நாற்பது மீட்டர். சங்கிலிக்குப் பதில் பெரும்பாலும் கயிறு என்றால் ஐந்து போதாது, ஏழு மடங்காவது வேண்டும். கயிற்றுக்குச் சங்கிலியின் கனம் கிடையாது, அது மாதிரி படுக்காது.

"காத்தே இல்லையே அண்ணாச்சி, காலையில பாத்துக்கலாம்" என்றார் நண்பர். பாங்க்கில் லோன் கேட்டு வந்தவர்களிடம் சொல்லிப் பழகிய பதில்.

காற்று காலை வரை காத்திருக்கவில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு வாடைக்கொண்டல் கிளம்பியது. வடகிழக்கிலிருந்து வருகிற காற்று, இந்தக் கரையில் நேராகக் கரையைப் பார்த்து வீசும். படகு திரும்பி, பின்பக்கத்தைக் காயல்பட்டினத்துக்குக் காட்டிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தது. அலை கரையில் உடைகிற சத்தம் இருட்டில் தெளிவாகக் கேட்டது. சாயங்காலம் கேட்டபோது அது சங்கீதமாக இருந்தது. இப்போது இல்லை.

நண்பர் ஓடிப்போய் பட்டனை அழுத்தினார். இரண்டு மீட்டர் சங்கிலி இறங்கியது. 'கடக்!' அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். 'ங்ங்ங்...' என்று ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. ஃப்யூஸ்கட்டை விழுந்துவிட்டது.

நண்பர் குனிந்து, விறைத்து நின்ற சங்கிலியைக் கையால் பிடித்து உலுக்கப் போனார்.

"கைய எடுங்க தம்பி!"

அதுவரை மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் போட்ட சத்தத்தில் எனக்கே கை பின்னால் போய்விட்டது. அப்புறம் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் முக்கியம்.

முதலில் இன்ஜினைப் போடச் சொன்னார். "மெதுவா முன்னால விடுங்க." படகு காற்றை எதிர்த்து ஓரடி இரண்டடி நகர்ந்ததும், விறைத்த சங்கிலி தொய்ந்தது. இரண்டாவது, நுனியில் கொக்கி வைத்த தடித்த நைலான் கயிறு ஒன்றை வின்ச்சுக்கு முன்னால் சங்கிலியில் மாட்டி, தளத்தில் இருந்த இரும்புக் குற்றியில் சுற்றிக் கட்டினார். இப்போது படகின் இழுப்பு முழுவதும் கயிற்றுக்குப் போய்விட்டது. வின்ச்சுக்குச் சுமையே இல்லை. மூன்றாவது, வின்ச்சின் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னார். "அணைச்சாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்கப்புறம்தான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கீழே சங்கிலி கிடக்கும் குழிக்குள் கையை விட்டார்.

உள்ளே என்ன நடந்திருந்தது தெரியுமா? முந்தின நாள் சங்கிலியை ஏற்றியபோது அது உரலில் கொட்டிய அரிசி மாதிரி கூம்பாகக் குவிந்திருக்கிறது. படகு ஆடியதில் கூம்பு சரிந்து, மேலே வர வேண்டிய கண்ணிகள் அடியில் மாட்டிக்கொண்டன. வின்ச் மேலே இழுத்துக் கொண்டு வரப் பார்த்தது, கீழே சங்கிலி தன்னையே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. தண்டல் ஐந்து நிமிஷத்தில் பிரித்தார். மோட்டாரைத் தொடாமல், வின்ச்சின் பிரேக்கைக் கையால் தளர்த்தி, நாற்பது மீட்டர் வரை சங்கிலியை இறக்கினார். மறுபடி கொக்கிக் கயிற்றை மாட்டினார். கரையில் தெரிந்த இரண்டு விளக்குகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். விளக்குகள் விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். இதற்கு இப்போது செல்போனில் ஆப் இருக்கிறது. அவருக்குக் கண் இருக்கிறது.

விடிகிற வரை விளக்குகள் விலகவில்லை.

★

படகே இல்லாத உங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். வி.ஆர்.எஸ். திட்டம் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? நங்கூர வின்ச்சுக்கு வருகிற வியாதிகள் மொத்தம் மூன்றே மூன்றுதான்.

ஒன்று, மேலே சொன்ன கூம்பு வியாதி. சங்கிலி விழுகிற குழி ஆழமில்லாமல், அகலமாக இருந்தால் வரும். வைத்தியம்: சங்கிலி ஏறும்போது நடுவில் நிறுத்தி, ஒரு குச்சியால் கூம்பைத் தட்டிச் சரித்துவிட வேண்டும். குச்சியால்! கையால் அல்ல. ஓடுகிற சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விரல் போனால், திரும்பி வருகிறபோது எண்ணிக்கை குறையும்.

இரண்டு, பொருத்தம் பார்க்காத கல்யாணம். வின்ச்சின் சக்கரத்தில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு கண்ணியும் அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். சக்கரத்துக்கு 'ஜிப்ஸி' என்று பெயர். சைக்கிள் செயினும் பல்சக்கரமும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் "பத்து மில்லி மீட்டர் சங்கிலி கொடுங்க" என்றால் போதாது. அதே பத்து மி.மீ. கம்பியில் ஜெர்மன் அளவுச் சங்கிலிக்குக் கண்ணி நீளம் 28 மி.மீ., ஐ.எஸ்.ஓ. அளவுக்கு 30. இரண்டு மில்லி மீட்டர்தானே என்று வாங்கினால், பதினைந்து கண்ணிக்கு ஒரு கண்ணி இடறும். காற்று இல்லாதபோது 'டக்' என்று குதிக்கும். காற்றடிக்கும்போது மொத்தமும் நழுவிக் கடகடவென்று ஓடும். துருப்பிடித்துத் தேய்ந்த பழைய சங்கிலியும் இப்படித்தான் செய்யும். உப்பளத்து ஊரில் துருவுக்கா பஞ்சம்?

மூன்று, வேலைச் சுமை வியாதி. இது ஆபீஸ்காரர்களுக்கு நன்றாகப் புரியும். வின்ச்சின் வேலை, தொய்ந்த சங்கிலியையும் நங்கூரத்தையும் தூக்குவது. அவ்வளவுதான் அதன் ஜாப் டிஸ்கிரிப்ஷன். ஆனால் பலபேர் அதை வைத்தே நாலைந்து டன் படகைக் காற்றுக்கு எதிராக இழுக்கிறார்கள். ராத்திரி முழுக்க படகைத் தாங்கிப் பிடிக்கவும் அதையே நிறுத்தி வைக்கிறார்கள். ஆயிரம் வாட் மோட்டார் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஓடினால் எண்பது ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். ஒரு டஜன் சீலிங் ஃபேனை ஒரே பாட்டரியில் சுற்றவிட்ட மாதிரி. பாட்டரி தளரும், மோட்டார் சூடாகும், ஃப்யூஸ் போகும். இழுக்க இன்ஜின், தாங்க நைலான் கயிறு, தூக்க வின்ச். மூன்று பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் மூன்று பேரும் ரிடையர்மென்ட் வரை உழைப்பார்கள்.

நைலான் கயிற்றுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பலத்த காற்றில் சங்கிலியின் வளைவெல்லாம் நிமிர்ந்து கம்பி மாதிரி ஆகிவிடும். அப்போது ஒவ்வொரு அலைக்கும் 'படார் படார்' என்று அடி விழும். நைலான் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

மின்சாரம் போனால் கையால் சுற்ற ஒரு கைப்பிடியும் பல வின்ச்சுகளுக்குக் கூடவே வரும். எங்கள் கைப்பிடி எங்கே என்று கேட்டேன். சென்னையில், கட்டிலுக்கு அடியில், அட்டைப்பெட்டியில், பத்திரமாக!

★

காலையில் காப்பி குடிக்கும்போது தண்டல் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "சங்கிலியோட மறுநுனி எதுல கட்டியிருக்கு?"

நண்பர் உற்சாகமானார். "படகோட உடம்புலயே அண்ணாச்சி! ஸ்டீல் வளையம். யானை இழுத்தாலும் வராது."

"அப்ப யான வந்தா என்ன செய்விய?"

நண்பர் முழித்தார்.

மறுநுனியைக் கட்டாமல் விட்டால், ஒருநாள் மொத்தச் சங்கிலியும் அணியம் வழியாகக் கடலுக்குள் போய்விடும். அது எல்லாருக்கும் தெரிகிற ஆபத்து. இரும்பில் கட்டினால் வருகிற ஆபத்து பலருக்குத் தெரியாது. நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது, காற்று ஏறுகிறது, பெரிய கப்பல் ஒன்று பிடி நழுவி உங்கள் மேல் வருகிறது... அப்போது ஒரே வழி நங்கூரத்தையும் சங்கிலியையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடுவது. ஸ்டீல் வளையத்தில் திருகாணி துருப்பிடித்திருக்கும். ஸ்பானர் தேட நேரம் இருக்காது. அதனால் கடைசி நுனியைக் கயிற்றால்தான் கட்ட வேண்டும். அந்தக் கயிறு, சங்கிலி முழுக்க இறங்கினால் தளத்துக்கு மேலே வந்து தெரிகிற அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு கத்தி. இந்த நுனிக்கு ஆங்கிலத்தில் 'பிட்டர் எண்ட்' என்று பெயர். கசப்பான முடிவு என்று மொழிபெயர்த்தாலும் தப்பில்லை.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு மிதவையைக் கட்டிவிட்டால், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பதைவிடச் சுலபம்.

இந்தக் கடலில் அது வெறும் புத்தக அறிவுரை இல்லை. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் பாறைத் திட்டுகள் நிறைய. 'பார்' என்பார்கள். முத்துச் சிப்பி விளைந்தது இந்தப் பார்களில்தான். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்கள் அங்கேயேதான் இருக்கின்றன. சிப்பி பிடித்துக்கொள்கிற மாதிரியே நங்கூரமும் பிடித்துக்கொள்ளும். பாரில் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால், நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் தனியாக ஒரு மெல்லிய கயிறு கட்டி மிதவையோடு விட வேண்டும். மாட்டிக்கொண்டால் அதைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் கழன்று வரும்.

முத்துக்குளிப்பவர் கல்லைக் காலில் கொளுவிக்கொண்டு கீழே போவார். அவரை மேலே இழுக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் ஓர் ஆள் நிற்பார். அந்த ஆள் பெரும்பாலும் மனைவியின் சகோதரனாகத்தான் இருப்பான் என்று சொல்வார்கள். கயிற்றைக் கோட்டை விட்டால் தாலி அறுவது சொந்த அக்கா தங்கைக்கு அல்லவா? ஆக, இந்தக் கரையின் மிகவும் நம்பகமான வின்ச், மச்சான்தான். ஃப்யூஸ் போகாது!

★

பெரிய கப்பல்களுக்கும் இதே விதிதான். 2012 அக்டோபர் 31. நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பலை நங்கூரத்தால் பிடித்து வைக்க முடியவில்லை. இழுபட்டு, எலியட்ஸ் பீச்சுக்குப் பக்கத்தில் தரை தட்டியது. நம் ஜனங்கள் சுண்டலோடு போய் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் அந்தக் கப்பலிலிருந்து உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் ஆறு இளைஞர்கள் பிழைக்கவில்லை. கடலில் நிற்பதும் ஓர் ஆபத்தான வேலைதான் என்பதை வேடிக்கை பார்த்தவர்கள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அதற்கு மறுநாள், நவம்பர் 1-ம் தேதி, மும்பையிலிருந்து அபிலாஷ் டோமி என்ற கடற்படை அதிகாரி 'மாதேய்' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி, 2013 மார்ச் கடைசியில் மும்பைக்கே திரும்பினார். இப்படிச் செய்த முதல் இந்தியர். ஐந்து மாதம் நங்கூரத்துக்கு வேலையே இல்லை. ஓடுகிறபோது கடல் படகைச் சோதிக்கிறது. நிற்கிறபோது சங்கிலியைச் சோதிக்கிறது. முதல் பரீட்சைக்குத்தான் நாம் எல்லாரும் படிக்கிறோம்.

★

போகிற போக்கில் ஒரு வார்த்தை விளையாட்டு: நங்கூரம் என்ற சொல், பாரசீக மொழியின் 'லங்கர்' என்பதிலிருந்து வந்தது என்கின்றன அகராதிகள். குருத்வாராக்களில் போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்களே, அதற்கும் லங்கர் என்றுதான் பெயர். பாரசீகத்தில் இரண்டு அர்த்தமும் உண்டு. இப்போது புரிகிறதா, சாப்பாடு போடுகிற வீட்டில் பெரியப்பா ஏன் நங்கூரம் பாய்ச்சுகிறார் என்று?